பெயர் தேடல் ஏன் தாமதித்தது: தரவுத்தள ஆவணங்களுடன் எங்கள் அனுபவங்கள்

கொக்குவிலிலிருந்து

வணக்கம் உறவுகளே. தரவுத்தளம் மெதுவாகிவிட்ட வேளையில் அதன் ஆவணங்களைத் திறந்து விடை தேடிய அனுபவங்களை இந்த இழையில் எழுதும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

யாழ். நகரில் உள்ள ஒரு சிகிச்சை நிலையத்துக்கு நோயாளர் பதிவு மென்பொருள் எழுதிப் பராமரித்து வருகிறேன். அதற்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறேன். பதிவு மேசையில் இருப்பவர் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டத் தட்ட, அவற்றோடு ஒத்த பெயர்கள் திரையில் வர வேண்டும். என்னுடைய லாப்டொப்பில் அவை உடனே வந்தன. சிகிச்சை நிலையத்துச் சேர்வரிலோ, காலை எட்டு மணிக்கு வரிசை வாசல்வரை நீண்டு நிற்கும் நேரத்தில், "கந்த" என்று தட்டிவிட்டு ஆறேழு விநாடிகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அட்டவணையில் பெயர்கள் உள்ள நிரலுக்கு இன்டெக்ஸ், அதாவது முழு அட்டவணையையும் வாசிக்காமல் தேடியதை எடுக்க உதவும் சுட்டி, இருந்தது. அதைப் போட்டவனே நான்தான்.

முதலில் நினைவக அமைப்புகளைப் பற்றிய பக்கங்களுக்குப் போனேன். தரவைத் தாங்கும் பொது நினைவகமான ஷெயார்ட் பஃபர்ஸ் 128 மெகாபைட்டிலும், அடுக்குதல் போன்ற வேலைகளுக்கான வேர்க் மெம் 4 மெகாபைட்டிலும் இருந்தன. இரண்டும் தொடக்க நிலை மதிப்புகளே. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதை ஆவணம் பிழையின்றிச் சொல்லியிருந்ததால், இரண்டையும் கூட்டி, இரவில் சேர்வரை நிறுத்தித் தொடக்கினேன். மறுநாட் காலையும் அதே ஆறேழு விநாடிகள்தான்.

பிறகுதான், ஒரு வினவலைத் தரவுத்தளம் எப்படி நிறைவேற்றுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். முதல் வரியில் "சீக் ஸ்கேன்" (முழு அட்டவணையையும் வாசித்தல்) என்றும், அதற்குக் கீழே "ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்ற்றர்" என்றும், அதன் எதிரே 412,377 என்றும் இருந்தது. ஒரு பெயருக்காக நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நிரைகளை வாசித்து எறிந்திருக்கிறது. அதுவும் தட்டிய ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தடவை. இன்டெக்ஸ் பயன்படுகிறதா என்று ஆராய்வதற்கென்றே ஆவணத்தின் 11ஆம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பகுதி உண்டு. அட்டவணையின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள், உண்மையான தரவைக் கொண்டு சோதியுங்கள், முழு அட்டவணையை வாசிக்கும் வழியைத் தற்காலிகமாக முடக்கிப் பாருங்கள் என்று அது படிப்படியாக அழைத்துச் செல்கிறது. அப்படியும் இன்டெக்ஸ் பயன்படாவிட்டால், வினவலின் நிபந்தனை இன்டெக்ஸோடு பொருந்தாதது போன்ற அடிப்படைக் காரணம் ஏதேனும் இருக்கலாம் என்றும், எந்த வினவலுக்கு எந்த இன்டெக்ஸ் என்பது முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டுள்ளது என்றும் சொல்லி நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் இருப்பவை 11 பகுதிகள்.

காரணம் மொழியமைவு, அதாவது எழுத்துகளை எந்த மொழியின் விதிப்படி வரிசைப்படுத்துவது என்ற அமைப்பு. என் லாப்டொப்பிலிருந்த தரவுத்தளம், எழுத்துகளை அவற்றின் குறியீட்டு எண் வரிசையிலேயே அடுக்கும் "சி" மொழியமைவில் உருவாக்கப்பட்டது. சேர்வரில் இருந்தது அமெரிக்க ஆங்கில மொழியமைவில். "சி" அல்லாத மொழியமைவில் எழுத்துகளின் வரிசை அந்த மொழியின் அகரவரிசை விதிகளைப் பின்பற்றுவதால், லைக் என்ற ஒப்பீட்டைக் கொண்டு முதல் எழுத்துகளைத் தேடும் வினவலுக்குச் சாதாரண பீ-ட்ரீ இன்டெக்ஸ் உதவாது. மொழி விதிகளைப் பாராமல் எழுத்துகளை ஒப்பிடும் டெக்ஸ்ட் பேற்றன் ஒப்ஸ் என்ற வகுப்பைக் குறிப்பிட்டு இன்டெக்ஸை உருவாக்க வேண்டும். இதுவும் ஆவணத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. ஆனால் அதன் முழு விளக்கமும் "ஒப்பரேற்றர் கிளாஸ்" என்ற தலைப்பின் கீழ் கிடக்கிறது. வாசலில் நோயாளர் காத்திருக்கையில் அந்தச் சொல்லைத் தேட எவருக்குத் தோன்றும்?

கொன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்து, பதிவு வேலை தடைப்படாமலே புதிய இன்டெக்ஸை உருவாக்கினேன். "கந்த" என்று தட்டி முடிப்பதற்குள் பெயர்கள் வந்துவிட்டன. 11ஆம் அத்தியாயத்தின் அந்தக் கடைசிப் பகுதியில் இதையே ஓர் உதாரணமாகச் சேர்க்கும்படி மூன்று வாக்கியங்கள் எழுதி வைத்திருக்கிறேன்: லைக் தேடல் இன்டெக்ஸைத் தொடவில்லையென்றால் மொழியமைவைப் பாருங்கள், "சி" இல்லையென்றால் பேற்றன் ஒப்ஸ் வகுப்பில் இன்டெக்ஸை உருவாக்குங்கள், பழையதை நீக்கிவிடுங்கள். அனுப்புவதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சாவகச்சேரியிலிருந்து

அண்ணா, என்னுடைய அனுபவம் மரியாடீபி என்ற இன்னொரு தரவுத்தளத்தில். பனம்பொருள் விற்கும் ஓர் இணையக் கடையின் பின்புலத்தை நான் கவனிக்கிறேன். கடை மெதுவாகியது, மெதுவான வினவல்களைக் குறித்து வைக்கும் ஸ்லோ குவெரி லொக் என்ற பதிவேட்டை இயக்கும்படி ஆவணம் சொன்னது, இயக்கினேன். இரண்டு நாட்கள் பார்த்தும் அதில் ஒரு வினவல்கூட விழவில்லை. ஆகவே தரவுத்தளத்தில் குற்றமில்லை என்று முடிவுகட்டி, இணைய இணைப்பு வழங்குநரோடு ஒரு கிழமை வாதாடினேன்.

அந்தப் பதிவேட்டில் விழ ஒரு வினவல் தாண்ட வேண்டிய நேரமான லோங் குவெரி டைம் என்ற வரம்பின் தொடக்க மதிப்பு 10 விநாடி. எங்கள் வினவல்கள் ஒவ்வொன்றும் இரண்டு விநாடி எடுத்தன, ஒரு பக்கத்துக்கு அப்படி ஐந்து. பத்து என்ற எண் ஆவணத்தில் இருந்ததை நானும் வாசித்தேன். "பதிவேடு வெறுமையாக இருப்பதால் உங்கள் வினவல்கள் வேகமானவை என்று கொள்ள வேண்டாம், வரம்பைக் குறைத்து மீண்டும் பாருங்கள்" என்று அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்திருந்தால், அந்தக் கிழமை எனக்கு மிஞ்சியிருக்கும். ஒரு மதிப்பைச் சொல்லும் இடத்திலேயே, அந்த மதிப்பால் எது கண்ணுக்குப் படாமற் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திருநெல்வேலியிலிருந்து

கொக்குவில் தம்பிக்கு: உங்கள் முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. மூன்றாவதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். பேற்றன் ஒப்ஸ் இன்டெக்ஸ் சமன் ஒப்பீட்டுக்கும் முதலெழுத்துத் தேடலுக்கும் உதவும். சிறிது, பெரிது என்ற சாதாரண ஒப்பீடுகளுக்கும், அகரவரிசைப்படி பெயர்களை அடுக்குவதற்கும் உதவாது. அவற்றுக்குப் பழைய இன்டெக்ஸ்தான் வேண்டும். அதை நீக்கச் சொன்னால், ஒரு தாமதத்தைத் தீர்க்க வந்த வாசகருக்கு இன்னொன்றைக் கொடுத்தனுப்புவீர்கள்.

நான் மாணவருக்குத் தரவுத்தளம் கற்பிப்பவள். ஒரு செயற்றிட்டத்தில், சேர்வரின் சீபீயூ ஏறக்குறைய ஓய்ந்திருக்க, தரவை மாற்றும் எல்லோருடைய அப்டேற் கட்டளைகளும் உறைந்து நின்றன. போஸ்ட்கிரெஸில் எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பீஜீ ஸ்டாற் அக்டிவிற்றி என்ற காட்சியைத் திறந்தோம். ஓர் இணைப்பின் எதிரே தரவை வாசிக்க மட்டும் செய்யும் எளிமையான ஒரு செலெக்ட் வாக்கியம் தெரிந்தது. இது ஒருவரையும் தடுக்காதே என்று அதைக் கடந்து போனோம். அந்த இணைப்பின் நிலை "ஐடில் இன் ட்ரான்சாக்ஷன்", அதாவது பரிமாற்றத்தை முடிக்காமல் சும்மா இருப்பது. அந்த நிலையில், குவெரி நிரலில் தெரிவது இப்போது ஓடும் வினவல் அன்று. கடைசியாக ஓடி முடிந்தது. அதற்கு முன் அதே பரிமாற்றத்தில் ஓர் அப்டேற் செய்துவிட்டு, மாற்றத்தை உறுதிசெய்யும் கொமிற் கட்டளையைக் கொடுக்காமலே ஒரு மாணவர் உணவுக்குப் போயிருந்தார். அவர் மாற்றிய நிரைகள் அதுவரை மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டிருந்தன. யார் யாரைத் தடுக்கிறார் என்று காட்டும் பீஜீ புளொக்கிங் பிட்ஸ் என்ற செயற்கூறு 2016இல் வெளியான 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதன் விளக்கமோ நிரல்களின் விளக்க அட்டவணையிலிருந்து வெகுதூரத்தில், வேறோர் அத்தியாயத்தில் இருக்கிறது.

அதன்பின் நான் ஒரு காரியம் செய்தேன். அதே நிலைமையைச் செயற்கையாக உருவாக்கி, இதற்கு முன் அதைப் பார்த்திராத இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரிடம் ஆவணத்தை மட்டும் கொடுத்து, பின்னால் அமர்ந்து ஒன்றும் பேசாமல் கவனித்தேன். அவர் தேடற்பெட்டியில் முதலில் இட்ட சொல் "ஸ்டக்", அடுத்தது "ஹாங்". "லொக்" (பூட்டு) என்ற சொல்லுக்கு வந்து சேர ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆயின. அந்தச் சொல் தெரிந்தவருக்கு அந்த ஆவணம் மிக நல்ல ஆவணம். அறிகுறியை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு உள்ளே நுழைய வழியில்லை. திருத்தம் எழுதும் எவரும் முதலில் இப்படி ஒருவருக்குப் பின்னால் அமர்ந்து பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

திருத்தம் அனுப்ப சீ என்ற கணினி மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று மாணவர் பலர் நினைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் ஆவணத்தின் மூலக் கோப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளே. அதுவும் கடினமாகத் தோன்றினால், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு படிவம் இருக்கிறது. பிழைகளுக்காக மட்டும் வைத்த படிவமல்ல அது. ஆவணம் உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் எழுதுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்கிறது.

கொக்குவிலிலிருந்து

ரீச்சர், மிக்க நன்றி. நான் பழைய இன்டெக்ஸை உண்மையிலேயே நீக்கியிருந்தேன். உங்கள் பதிவை வாசித்த கையோடு போய்ப் பார்த்தேன்: நாள்முடிவில் எடுக்கும் அகரவரிசைப் பட்டியலுக்கு, தரவுத்தளம் முழு அட்டவணையையும் வாசித்து, நினைவகம் போதாமல் வட்டில் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியல் தாமதிப்பதாக அங்குள்ளவர்கள் போன கிழமை சொன்னபோது, அச்சுப்பொறியில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பழைய இன்டெக்ஸைத் திரும்பப் போட்டுவிட்டேன். அவர்களிடமும் காரணத்தைச் சொன்னேன்.

மாற்றிய வடிவம் இது:

"லைக் கொண்டு முதலெழுத்துகளைத் தேடும் வினவல் இன்டெக்ஸைப் பயன்படுத்தாவிட்டால், தரவுத்தளத்தின் மொழியமைவைச் சரிபார்க்கவும். அது 'சி' அல்லாவிடின், பேற்றன் ஒப்ஸ் வகுப்பில் இன்னோர் இன்டெக்ஸை உருவாக்கவும். ஒழுங்குபடுத்தலுக்கும் சிறிது பெரிது ஒப்பீடுகளுக்கும் இருக்கும் இன்டெக்ஸ் தொடர்ந்து தேவைப்படும். அதை நீக்க வேண்டாம்."

இதனுடன், இரண்டு மொழியமைவுகளில் ஒரே அட்டவணையை உருவாக்கி, ஒரு இலட்சம் பெயர்களை இட்டு, இரண்டு எக்ஸ்பிளெயின் விடைகளையும் அடுத்தடுத்துக் காட்டும் சிறு கட்டளைக் கோப்பையும் அனுப்பப் போகிறேன். சாவகச்சேரித் தம்பி, உங்களிடம் போஸ்ட்கிரெஸ் இல்லை என்பது தெரியும். ஆகையால்தான் கேட்கிறேன்: சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, இந்தப் பகுதியை முதன்முறையாக வாசிப்பவராக என் லாப்டொப்பின் முன்னால் அமர முடியுமா? நான் பின்னால் இருந்து ஒன்றும் பேசாமல் பார்க்கிறேன்.