வியாழக்கிழமைகளில் வயிற்றுவலி இல்லை

குழு: ஆலடி வளவு

சனிக்கிழமை

நான், காலை 8:05
அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மகளின் பாடசாலையிலிருந்து நேற்று மாலை ஒரு கடிதம் வந்தது. ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பதால், பெப்ரவரி இடைவிடுமுறைக்குப் பிறகு இரு ஆண்டினருக்கும் வியாழன் மதியச் சித்திரமும் சங்கீதமும் நிறுத்தப்பட்டு, மே மாதத்தில் ஆறாம் ஆண்டினர் எழுதும் இங்கிலாந்துத் தேசியப் பரீட்சையான சாட்ஸ் முடியும்வரை அந்த நேரத்தில் வாசிப்பும் கணிதமும் மீட்டப்படும் என்றும், விடுபட்ட கலைப் பாடங்கள் யூலையில் 'கலை வாரம்' என்ற பெயரில் சேர்த்து நடத்தப்படும் என்றும் எழுதியிருக்கிறார்கள். பெற்றோரின் கருத்தைப் புதன்கிழமைக்குள் கேட்கிறார்கள். 'சம்மதம்' என்று எழுதி அனுப்பத்தான் கைபேசியை எடுத்தேன், பிறகு கை வரவில்லை. ஏன் என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாததால் இங்கே கேட்கிறேன். பெரியப்பாவின் விதிப்படி முழு வாக்கியங்களில் எழுதியிருக்கிறேன்.

அத்தான், காலை 8:31
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாடசாலை தானாகவே மேலதிக கணித வகுப்பு வைக்கிறது, அதுவும் இலவசமாக. நாங்கள் லண்டன் ஹரோவில் இதே கணிதத்துக்கு மணிக்கணக்கில் பணம் கட்டுகிறோம். படம் வரைவதை வீட்டிலும் வரையலாம். நடனத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறாள் அல்லவா?

அக்கா, காலை 8:40
நான் ஆரம்பப் பாடசாலையில் துணை ஆசிரியராக ஒன்பது வருடங்களாக வேலை செய்கிறேன் என்பது என் கணவருக்கு அவ்வப்போது மறந்துபோகிறது. தங்கச்சி, சாட்ஸ் பெறுபேறு உன் மகளின் அடுத்த பாடசாலையைத் தீர்மானிப்பதில்லை. இடைநிலைப் பாடசாலைக்கான விண்ணப்பம் ஆறாம் ஆண்டின் ஒக்டோபர் 31ஆம் திகதியோடு முடிந்து, மார்ச் 1ஆம் திகதி எந்தப் பாடசாலையில் இடம் என்ற கடிதமும் வந்துவிடும். பரீட்சையோ மே மாதத்தில்தான் நடக்கிறது. அந்த நான்கு நாள்களில் பிள்ளைகள் எழுதுவது முதன்மையாகப் பாடசாலையின் மதிப்பெண்.

பெரியப்பா, காலை 9:02
இது எனக்குப் புதிய செய்தி. இலங்கையில் எங்கள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைப் போன்றது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். இங்கே வெட்டுப்புள்ளியைப் பார்த்துத்தான் பெரிய பாடசாலைகள் பிள்ளையை எடுக்கின்றன. ஆகவே தாய்மார் பத்து வயதுப் பிள்ளையை வகுப்பு முடிந்ததும் இன்னொரு வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு ஓடுவதை நான் கண்டித்தாலும், அதன் காரணம் எனக்கு விளங்குகிறது. அங்கே அந்தக் காரணமும் இல்லை என்றால், எதற்காக இந்த ஓட்டம்?

அத்தான், காலை 9:10
பெரியப்பா, அது முழு உண்மை இல்லை. இடம் கிடைத்த பிறகு ஏழாம் ஆண்டில் பிள்ளையை எந்தக் கணிதக் குழுவில் வைப்பது என்று பல பாடசாலைகள் சாட்ஸைப் பார்க்கின்றன. கீழ்க்குழுவில் விழுந்த பிள்ளை மேலே ஏறுவது எளிதல்ல. தவிர, தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிராமர் பாடசாலைக்கு இவள் முயல்கிறாள், அந்தத் தேர்வு இந்த வருடம் செப்டம்பரிலேயே வருகிறது.

நான், காலை 9:34
அத்தான் சொல்வது பொய் இல்லை. ஆனாலும் நான் வெளியில் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். போன வருடம் யூனில் நான்காம் ஆண்டு வாய்ப்பாட்டுத் தேர்வு நடந்தது. திரையில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. இவளுக்கு வாய்ப்பாடு தெரியும், ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் விரல் உறைந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் வயிற்றுவலி. செப்டம்பர் தொடங்கி இன்றுவரை ஒன்பது நாள் பாடசாலைக்குப் போகவில்லை. நேற்று அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, பாடசாலைச் செயலியில் உள்ள வரவுப் பதிவைத் திறந்து ஒவ்வொரு நாளாக எண்ணினேன். திங்கள் நான்கு, செவ்வாய் இரண்டு, புதன் ஒன்று, வெள்ளி இரண்டு. வியாழன் ஒன்றுகூட இல்லை.

அக்கா, காலை 9:36
ஒன்றுகூட இல்லையா?

நான், காலை 9:37
ஒன்றுகூட இல்லை. ஒரு புதன்கிழமை இரவு காய்ச்சல் இருந்தது. மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை என்று தானே வெப்பமானியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனாள்.

மச்சாள், காலை 10:15
இரவுக் கடமை முடித்து இப்போதுதான் வாசிக்கிறேன். மருத்துவராக இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, ஒன்பது நாள் கணக்கை வைத்துப் பெரிய முடிவுக்கு வராதீர்கள். திங்கட்கிழமை வயிற்றுவலி வார இறுதிக்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் வரும். மலச்சிக்கல் போன்ற சாதாரண காரணங்களை உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டி விலக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, பதற்றம் உள்ள பிள்ளை 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொல்லாது, வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லும். அந்த வலி நடிப்பும் இல்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 8 முதல் 16 வயது வரையானவர்களில் 20.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருக்கக்கூடும் என்று காணப்பட்டது. ஐந்து பிள்ளைக்கு ஒரு பிள்ளை. ஆகவே உங்கள் மகள் ஏதோ அரிய சிக்கலில் இருக்கிறாள் என்று பயப்படவும் வேண்டாம், தானாகப் போய்விடும் என்று விட்டுவிடவும் வேண்டாம்.

அத்தான், காலை 10:22
சங்கீதம் படித்தால் மூளை வளரும், கணிதம் வரும் என்று ஏதாவது ஆய்வு இருந்தால் அதைச் சொல்லியே பாடசாலையை மடக்கிவிடலாமே?

மச்சாள், காலை 10:30
தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். மோசார்ட் கேட்டால் புத்தி கூடும் என்ற பேச்சு 1993இல் வந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் பங்கேற்றவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் ஒருவரும் இல்லை. காகிதத்தை மடித்து வெட்டுவதைக் கற்பனை செய்யும் ஒருவகைத் தேர்வில் மட்டும் சிறு உயர்வு தெரிந்து, அதுவும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. அதை வைத்து எத்தனை குறுந்தட்டுகள் விற்றார்கள்! நலத்தைப் பற்றிய சான்று அதைவிட உறுதியானது. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவுவதை எடுத்துக்காட்டியது.

அக்கா, காலை 10:41
எங்கள் பாடசாலையில் எல்லோரும் பார்க்கும் கல்வி அறக்கட்டளை ஒன்றின் அட்டவணையில், கலைப் பங்கேற்பால் படிப்பில் சராசரியாக மூன்று மாத மேலதிக முன்னேற்றம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் மச்சாள் சொல்வதுதான் சரி. கலையைக் கணிதத்தின் எடுபிடியாக வைத்து வாதாடினால், நாளைக்கு இதைவிட நல்ல எடுபிடி கிடைத்ததும் கலையை வெளியே அனுப்பிவிடுவார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். உணர்ச்சித் துணைப் பயிற்சி பெற்ற பிறகு வாரம் நான்கு பிள்ளைகளோடு தனியாக உட்காருகிறேன். 'என்ன நடந்தது' என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கையில் களிமண்ணைக் கொடுத்துவிட்டு நானும் ஒரு துண்டை உருட்டிக்கொண்டிருந்தால், பத்தாவது நிமிடத்தில் பாட்டனின் மரணம் வரும், அப்பா வேலை இழந்தது வரும். கண்கள் களிமண்ணில் இருப்பதால் சொல்ல முடிகிறது. யூலையில் ஒரு வாரம் முழுக்கக் களிமண் கொடுத்தால் இது நடக்காது, வாரந்தோறும் அதே நாளில் அதே நேரத்தில் அது இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சின்னம்மா, காலை 11:05
நவராத்திரி வந்தால் எங்கள் பாடசாலையில் பத்து நாளும் பாட்டும் நடனமும்தான், மார்கழியில் ஒளி விழா. வாய் திறக்காத எத்தனை பிள்ளைகள் அந்த மேடைகளில்தான் முதன்முதலாகப் பேசினார்கள். சரி, இந்தக் கலை வாரத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

அக்கா, காலை 11:12
கொடுக்கிறது, சின்னம்மா. 2014இலிருந்து நடைமுறையில் உள்ள தேசியப் பாடத்திட்டப்படி ஆரம்ப வகுப்புகளில் சித்திரமும் சங்கீதமும் கட்டாயம். ஆனால் வாரம் எத்தனை மணி என்று அதில் எழுதப்படவில்லை. ஒரே வாரத்தில் கொட்டி முடித்தாலும் கணக்கில் சரி.

பெரியப்பா, நண்பகல் 12:20
பிள்ளை, இது திருச்சபைப் பாடசாலை என்று முன்பு சொன்னாய். அப்படியானால் சட்டத்தை விட்டுவிட்டு அவர்களுடைய சொந்த வாக்கைப் பார். வாசலில் ஏதாவது எழுதியிருப்பார்களே?

நான், நண்பகல் 12:26
இருக்கிறது, பெரியப்பா. நுழைவாசல் சுவரில் யோவான் 10:10 எழுதப்பட்டிருக்கிறது, நிறைவான வாழ்வைப் பற்றிய வசனம்.

அக்கா, நண்பகல் 12:38
அது தற்செயலாக எழுதப்பட்டது இல்லை. இங்கிலாந்துத் திருச்சபை ஏறக்குறைய 4,600 பாடசாலைகளை நடத்துகிறது, ஆரம்பப் பாடசாலைகளில் நான்கில் ஒன்று அவர்களுடையது. 2016இல் அவர்கள் வெளியிட்ட கல்விக் கொள்கையே அந்த வசனத்தின் மேல்தான் கட்டப்பட்டது. ஞானம், நம்பிக்கை, சமூகம், மாண்பு என்று நான்கு தூண்கள். இப்பாடசாலைகளுக்கு அரசின் ஆஃப்ஸ்டெட் பரிசோதனையோடு, சியாம்ஸ் என்ற திருச்சபைப் பரிசோதனையும் உண்டு. அதில் பாடத்திட்டம் பாடசாலையின் நோக்கை எப்படிப் பிரதிபலிக்கிறது என்றும், அங்கே பிள்ளைகளும் பெரியவர்களும் நல்லவிதமாக நடத்தப்படுகிறார்களா என்றும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். தங்கச்சி, உன் கடிதத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் வைத்தால் போதும். நிர்வாக சபையில் போதகரும் இருப்பார், அவர் அதை வாசிக்காமல் விடமாட்டார்.

சின்னம்மா, நண்பகல் 12:50
நாங்கள் சைவர்கள். அவர்களுடைய வேதத்தை எடுத்து அவர்களுக்கே நினைவூட்டுவது முறையாக இருக்குமா? இடம் கொடுத்த வீட்டில் குற்றம் பார்ப்பதுபோல் ஆகாதா?

பெரியப்பா, பிற்பகல் 1:15
நல்ல கேள்வி, ஆனால் நாவலரை மறந்து கேட்கிறாய். வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அதே ஆறுமுக நாவலர்தான், பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் அவருக்கு உதவியவர். வேதத்தின் தமிழ் பிழையின்றி இருக்க வேண்டும் என்று ஒரு சைவர் உழைத்ததை அந்தப் பாதிரியார் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. இவள் கேட்பதும் அவ்வளவுதான்: நீங்கள் எழுதியதை நீங்களே சரியாக வாசியுங்கள் என்கிறாள். பணிவாகக் கேட்டால் போதும்.

நான், பிற்பகல் 1:28
சின்னம்மாவின் தயக்கம் எனக்கும் இருந்தது. காலை வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு, நாங்கள் விலக்கவில்லை. முதலாம் ஆண்டில் பாலன் பிறப்பு நாடகத்தில் ஆடாக நின்றவள், போன மார்கழியில் மேய்ப்பனாகி இரண்டு வரி பேசினாள். திருநீறோடு போன மேய்ப்பன் என்று அவளுடைய ஆசிரியை சிரித்தார். வகுப்பில் கை உயர்த்தாத பிள்ளை, வழிபாட்டுப் பாட்டில் மட்டும் உரக்கப் பாடுகிறாள். அந்த வீட்டுக்குள் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதால்தான் கேட்கும் துணிவும் வருகிறது.

அத்தான், பிற்பகல் 1:40
ஞாயிற்றுக்கிழமை நடனம் இருக்கிறது என்று காலையிலேயே சொன்னேன். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அக்கா, பிற்பகல் 1:46
பதில் சொன்னால் உங்களுக்கு வலிக்கும். நாங்கள் நடனத்தையும் தரம் ஒன்று, தரம் இரண்டு என்று பரீட்சையாக்கி, சான்றிதழைச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டி வைத்திருக்கிறோம். எங்கள் மூத்தவள் தரம் நான்கில் ஏன் நிறுத்தினாள் என்று நீங்கள் அவளிடம் கேட்டதுண்டா?

அத்தான், பிற்பகல் 2:30
கேட்டதில்லை.

அத்தான், பிற்பகல் 3:52
இப்போது கேட்டேன். ஆடும்போது சலங்கையைவிட பரீட்சகரின் பேனாச் சத்தம்தான் தனக்குக் கேட்டது என்கிறாள். எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

நான், மாலை 5:10
கடிதத்தின் வரைவைப் போடுகிறேன், பெரியப்பா திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் அனுப்பப்போவதைத் தமிழில் தருகிறேன்: 'ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மீட்டல் தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் இந்த வருடம் சாட்ஸ் எழுதாத ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வியாழன் மதியம் அப்படியே இருக்க வேண்டும் என்றும், ஆறாம் ஆண்டினருக்கும் அதில் பாதியையாவது விட்டுவைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் மகள் இந்த வருடம் தவறவிட்ட ஒன்பது நாள்களில் ஒன்றுகூட வியாழக்கிழமை இல்லை. ஒரு பிள்ளையின் கணக்கு எதையும் நிரூபிக்காது என்பது எனக்குத் தெரியும், ஆகவே எல்லாப் பிள்ளைகளின் வரவையும் கிழமைவாரியாக ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். வாசல் சுவரில் உள்ள நிறைவான வாழ்வுக்கும் இந்த மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை நிர்வாக சபை பெற்றோருக்கு விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.'

பெரியப்பா, மாலை 5:44
கடைசி வாக்கியத்தில் சிறிது முள் இருக்கிறது. இருக்கட்டும், எடுக்க வேண்டாம். மற்றவை சரி.

மச்சாள், மாலை 5:50
வரவை எண்ணிப் பார்க்கச் சொன்னது மிக நல்லது. குடும்ப மருத்துவரிடம் நேரம் எடுத்தாயா?

நான், மாலை 5:52
செவ்வாய்க்கிழமைக்கு எடுத்திருக்கிறேன்.

அத்தான், மாலை 6:15
கடிதம் நன்றாக இருக்கிறது. கிராமர் வகுப்பை விடச் சொல்லி நான் எழுதமாட்டேன், அது வேறு விடயம். இந்த வாரம் களிமண்ணில் என்ன செய்தாள்?

நான், மாலை 6:21
ஒரு செம்போத்து, அத்தான். பாடசாலையில் சூளை இல்லை, காற்றில் உலரும் களிமண்தான். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் வால் முறிந்துவிட்டது. இப்போது கணிதத் தாளை விரித்து, அதன்மேல் பசையை வைத்து, வாலை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தாளை இனி எழுத முடியாது.