தலைமன்னார் முனையும் அரிப்புக் கரையும்: மாணவர்களுக்கு எதை, எந்த ஒழுங்கில் காட்டலாம்?

முள்ளியவளை ரீச்சர் (கேள்வி)

வணக்கம். 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகள் நாற்பது பேரை மாசி மாதத்தில் இரண்டு நாள் களப்பயணமாக மன்னார்க் கரைக்குக் கூட்டிச் செல்லத் திட்டமிடுகிறோம். புவியியலும் வரலாறும் சேர்ந்த பயணம். முல்லைத்தீவுக் கடலும் நந்திக்கடலும் பிள்ளைகளுக்குப் பழக்கம். ஆனால் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு முனை எப்படி உருவாகிறது, எப்படித் தேய்கிறது என்பதை நேரில் பார்த்ததில்லை.

பேருந்தில் இருந்து இறங்கி, படம் எடுத்து, ஏறிப் போகும் பயணமாக இது ஆகக்கூடாது. விலையான கருவி இல்லாமல் பிள்ளைகளே கரையில் அளந்து பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? தலைமன்னாரில் மணல் வெள்ளை, அரிப்பு என்னும் ஊரில் மண் சிவப்பு. இதை எப்படி விளக்குவது? மன்னார்க் கோட்டை, பெருக்கமரம் (பாஓபாப்), அல்லிராணிக் கோட்டை பற்றிக் கதைகள் பல. எதைத் துணிந்து சொல்லலாம்? குதிரைமலை முனையையும் இதே பயணத்தில் சேர்க்க முடியுமா?

சோளகம்

ரீச்சர், மாசி நல்ல தெரிவு. மாரி மழை ஓய்ந்திருக்கும், களப்புகளில் தண்ணீர் நிற்கும், வலசை வந்த பறவைகளும் இன்னும் திரும்பிப் போயிருக்கமாட்டா. வைகாசிக்குப் பிறகு சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடித்துவிட்டால் தென்கரையில் பிள்ளைகள் கண்ணைத் திறந்து நிற்க முடியாது. மணல் முழங்கால் உயரத்துக்கு ஓடும்.

முதலில் ஒழுங்கு. முள்ளியவளையில் இருந்து மாங்குளம், மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம். அங்கிருந்து A32 வீதியால் இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு. விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டால் காலைச் சாப்பாட்டுக்குத் திருக்கேதீச்சரம் வந்துவிடலாம். முதல் நாள் மாதோட்டத்தையும் (திருக்கேதீச்சரத்தின் அருகே உள்ள பழைய துறைமுக நகரம்) அரிப்பையும் முடியுங்கள். அரிப்பின் மண்மேடு மேற்கே கடலைப் பார்த்தது, ஆகவே பின்னேர வெயில்தான் அதன் நிறத்தையும் அடுக்கையும் எடுத்துக் காட்டும். இரண்டாம் நாள் விடியற்காலையில் தலைமன்னார். அங்கேயும் பார்வை மேற்குத்தான், ஆனால் பார்க்க வேண்டியது தொலைவில் கடலுக்குள் இருக்கிறது. காலையில் வெயில் முதுகுப் பக்கம் விழுந்தால் ஆழம் குறைந்த இடங்கள் பச்சையாகவும் ஆழமான இடங்கள் கருநீலமாகவும் பிரிந்து தெரியும். மத்தியானத்துக்குப் பின் கடல் முழுக்க ஒரே கண்கூச்சம்.

இனி முனையின் கதை. மன்னார்த் தீவு தென்கிழக்கில் இருந்து வடமேற்காகப் படுத்திருக்கிறது. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அடியில் புத்தளம் தொடங்கி யாழ்ப்பாணம் வரை போகும் மயோசீன் என்னும் மிகப் பழைய நிலவியல் காலச் சுண்ணக்கல், மேலே மணல். இந்தக் கரையில் வற்றுப்பெருக்கு (கடல் நீர்மட்டம் நாளாந்தம் ஏறி இறங்குவது) ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இங்கே கரையைச் செதுக்குவது வற்றுப்பெருக்கு அல்ல, காற்றும் அது எழுப்பும் அலையும்தான். சோளகத்தில் தென்கரை அடிவாங்கும், வடகரை அமைதி. வாடையில் (வடகிழக்குக் காற்றில்) வடகரை அடிவாங்கும், தென்கரை அமைதி. அலை சரிவாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக நகர்ந்து முனையில் சேர்கிறது. முனைக்கு அப்பால் தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு மணல் தீடைகளும் (சிறு மணல் தீவுகளும்) ஆழமற்ற மேடுகளும் தொடர்கின்றன. கடந்த பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அப்போது இரு கரைக்கும் நடுவில் கடலே இல்லை. இந்த ஒரு எண்ணைப் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொண்டால் அங்கே கண்ணில் படும் மற்றதெல்லாம் பொருந்தி வரும்.

காற்றின் திசைக்குத் திசைகாட்டி வேண்டாம். தென்கரையில் 2020 மார்கழியில் திறந்த காற்றாலைப் பண்ணையின் 30 கோபுரங்கள் நிற்கின்றன. இறக்கைகள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றனவோ அந்தப் பக்கத்தால்தான் காற்று வருகிறது. வடகரையில் பேசாலையிலும், அதற்கு நேரே தென்கரையிலும் இறங்கி, இரண்டு கரையின் சரிவையும் ஒரே காலையில் அளந்து ஒப்பிடுங்கள். மாசியில் வித்தியாசம் தெரியும்.

அளப்பதற்கு இரண்டு தடி, 2 மீற்றர் கயிறு, ஒரு தூக்குநூல் (நுனியில் பாரம் கட்டிய நூல்) போதும். தடி ஒவ்வொன்றும் 1.5 மீற்றர். உச்சியில் 0 வரும்படி மேலிருந்து கீழாகச் சென்ரிமீற்றர் குறியுங்கள். பனையடி, கொங்கிறீட் தூண் போல அசையாத ஒன்றில் தொடங்கி நீர்விளிம்பு வரை 2 மீற்றர், 2 மீற்றராக நகர வேண்டும். ஒரு தடி கடல் பக்கம், மற்றது கரைப் பக்கம். நிலம் கடலை நோக்கி இறங்கும்போது, கண்ணைக் கரைப் பக்கத் தடியோடு வைத்து, கடல் பக்கத் தடியின் உச்சியும் அடிவானமும் ஒரே கோட்டில் வரும்வரை கண்ணை இறக்குங்கள். கண் நிற்கும் இடத்தில் உங்கள் தடியில் உள்ள எண்தான் இறக்கம். நிலம் கடல் பக்கம் ஏறினால் மறுவளமாகச் செய்ய வேண்டும்: கரைப் பக்கத் தடியின் உச்சியை அடிவானத்தோடு சேர்த்து, அந்தக் கோடு கடல் பக்கத் தடியில் வெட்டும் எண்ணை வாசியுங்கள். ஐந்து பேர் ஒரு குழு: தடிக்கு இருவர், கயிற்றுக்கு ஒருவர், பார்க்க ஒருவர், எழுத ஒருவர்.

பிழைக்கிற இடங்கள் மூன்று. ஈரமணலில் தடி புதைந்துவிடும், ஆகவே அடியில் உள்ளங்கை அளவு பலகை ஆணி அடித்துக்கொள்ளுங்கள். தடி சாய்ந்தால் எண் பிழைக்கும், அதற்குத்தான் தூக்குநூல். ஏற்றத்தையும் இறக்கத்தையும் + − குறி போடாமல் எழுதினால் வரைபடம் முழுவதும் கெட்டுப்போகும், ஆகவே எழுதுபவர் ஒவ்வொரு எண்ணையும் குறியோடு சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். நீர்விளிம்பைத் தொட்ட நேரத்தையும் எழுதுங்கள். வெயில் ஏறி அடிவானம் புகைந்துவிட்டால் அளவை நிறுத்திவிடுவது நல்லது.

கொத்தளம்

மரபுச்சின்னங்கள் பற்றி.

மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, 1696இல் திருத்திக் கட்டினர். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நான்கு மூலையிலும் கொத்தளம், சுற்றி அகழி, உள்ளே தேவாலயச் சிதைவு. பிள்ளைகளிடம் ஒரு கேள்வியை மட்டும் கொடுங்கள்: கோட்டையை ஏன் தலைமன்னாரில் கட்டாமல் தீவின் இந்த மூலையில் கட்டினார்கள்? கொத்தளத்தில் இருந்து பாலப் பக்கம் பார்த்தால் விடை வரும். தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் ஒடுக்கமான நீர்வழியைக் காக்கவே அது அங்கே நிற்கிறது. சுவரில் பவளக்கல்லும் சுண்ணக்கல்லும் இருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மேலே ஏற விடாதீர்கள். சாந்து உதிர்ந்த இடங்களில் விளிம்புக் கல் ஆடும்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தை 1477இல் அராபிய வணிகர் நட்டதாகச் சொல்வது மரபு. அதை மரபு என்றே சொல்லிக் கொடுங்கள். பெருக்கமரம் ஆபிரிக்காவுக்கு உரியது என்பதும், அரபு வணிகத்தோடு இந்தக் கரைக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு என்பதும் உறுதி. சுற்றளவு 19.5 மீற்றர் என்று பதிவாகியுள்ளது. பிள்ளைகள் அளப்பதென்றால் 30 மீற்றர் நாடா, நிலத்தில் இருந்து 1.3 மீற்றர் உயரம், நான்கு பக்கமும் ஒருவர் நின்று நாடா கிடையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிமரம் புடைத்துக் கிடப்பதால் ஒரு பக்கம் நாடா அரை மீற்றர் இறங்கினாலும் விடை மாறும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

மாதோட்டத்தைக் கோயிலோடு முடித்துவிடாதீர்கள். திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவி அதன் தீர்த்தம். அதன் அருகே, இரட்டை அகழி சூழ்ந்த பழைய துறைமுக நகரத்தின் மேடு கிடக்கிறது. 1980களின் அகழ்வில் சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் இங்கே கிடைத்தன. தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணல் மேடுகளைப் பெரிய கப்பல் கடக்க முடியாது. இரு பக்கச் சரக்கும் கைமாறும் இடமாக இந்தக் கரை வளர்ந்ததற்கு அந்த ஆழமின்மை முக்கியமான காரணம். சோளகம் சொன்ன நிலவியலும் வரலாறும் சந்திக்கும் இடம் இதுதான், ஆகவே தலைமன்னாருக்குப் போகும் முன்பே இதை விளக்கிவிட்டால் நல்லது.

தலைமன்னார் இறங்குதுறையில் 1914 முக்கியம்: புகையிரதமும், தனுஷ்கோடிக்குக் கப்பல் சேவையும் தொடங்கிய ஆண்டு. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் நின்ற புகையிரதம் 2015 பங்குனியில் மீண்டும் இறங்குதுறை வரை வந்தது.

சிலாவத்துறை

குதிரைமலையை இந்தப் பயணத்தில் சேர்க்காதேங்கோ ரீச்சர். அது வில்பத்து தேசிய வனத்துக்குள்ள, புத்தளம் மாவட்டத்தில இருக்குது. வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதிச்சீட்டு வேணும், நாலு சில்லு இழுவை உள்ள ஜீப் வேணும், நினைச்ச இடத்தில இறங்கி நடக்கேலாது. பாடசாலை பஸ்ஸில நாற்பது பிள்ளையளோட நடக்கிற காரியமில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில ரோம எழுத்தாளர் பிளினி எழுதின ஹிப்புரோஸ் எண்ட துறை குதிரைமலையா இருக்கலாம் எண்டு பல ஆய்வாளர் கருதினம். அதைப் பஸ்ஸுக்குள்ளயே சொல்லலாம்.

குதிரைமலையில பெரிசா நிக்கிற அதே செம்மண்தான் அரிப்பில சின்னனா நிக்குது. அது பழைய காலத்து மணல். இரும்பு ஒக்சைட்டு மணிகளில படிஞ்சு சிவந்து, களிமண்ணும் சேர்ந்து இறுகினது. தலைமன்னார் மணல் இளசு, இன்னும் அந்தப் பூச்சுப் படியேல்லை. சோதனை சுகம்: வெள்ளை மணல் ஒரு கைப்பிடி, இடிஞ்சு கீழ விழுந்து கிடக்கிற செம்மண் ஒரு கைப்பிடி, இரண்டையும் இரண்டு ஒரு லீற்றர் போத்தலில போட்டு, முக்கால்வாசி நல்ல தண்ணி விட்டுக் குலுக்கி வையுங்கோ. வெள்ளை மணல் அரை நிமிசத்தில அடியில இருந்திடும். செம்மண் தண்ணி கலங்கியே நிக்கும், கீழ மணல் தனியாத் தங்கும். கடல் தண்ணி விட்டால் களி திரண்டு கெதியா இறங்கி முடிவு மாறிப்போகும், அதால குடிதண்ணியே பாவியுங்கோ.

அல்லிராணிக் கோட்டை எண்டு நாங்கள் சொல்லுற கட்டிடம், முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில கட்டினது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வந்து தங்கிற மாளிகை, டோரிக் எண்ட பழைய கிரேக்கப் பாணித் தூண் அமைப்பு, செங்கல்லும் சாந்தும். அல்லிராணி கதை கரைச் சனத்தின்ர மனதில வாழுற கதை, அதையும் சொல்லுங்கோ; ஆனா கட்டிடத்தின்ர ஆண்டை அதோட குழப்பாதேங்கோ. பக்கத்தில சின்னக் கோட்டை ஒண்டும் இருக்குது. கண்டியில கைதியா இருந்து தப்பின ரொபேட் நொக்ஸ் 1679 ஐப்பசியில வந்து சேர்ந்தது அங்கதான்.

மாளிகையின்ர கடல் பக்கம் விழுந்துபோச்சு. சோளகத்து அலை மேட்டின்ர அடியைக் குடையும், மழைத்தண்ணி மேல வெடிப்புக்குள்ள இறங்கும், பிறகு ஒரு துண்டு அப்பிடியே சரியும். மேல நிண்டு பார்த்தால் கீழ குடைஞ்சிருக்கிறது தெரியாது. அதால விளிம்பில இருந்து, மேடு எவ்வளவு உயரமோ அதின்ர இரண்டு மடங்கு தூரம் விட்டுக் கயிறு கட்டுங்கோ. கீழ கரையால போனாலும் மேட்டின்ர அடியோட ஒட்டி நடக்க விடாதேங்கோ.

முள்ளியவளை ரீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. குதிரைமலையை விட்டுவிடுகிறோம். இன்னும் இரண்டு: அலை ஏறி இறங்கும் இடத்தில் கறுப்புக் கோடாக மணல் படிகிறதே, அதைக் காட்டலாமா? மணல் தீடைக்குப் படகில் பிள்ளைகளைக் கொண்டுபோகலாமா?

சோளகம்

கறுப்பு மணலைக் கட்டாயம் காட்டுங்கள். இல்மனைற் போன்ற கனமான கனிமங்கள் அதில் உண்டு. குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, இல்மனைற்றின் அடர்த்தி 4.7 அளவில். திரும்பிப் போகும் அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. வலுவான நியோடிமியம் காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, உலர்ந்த கறுப்பு மணலில் உரசுங்கள். பையைக் கழற்றினால் துகள் தானாக விழும். பை இல்லாமல் வைத்தால் காந்தத்தைத் துப்புரவாக்கவே முடியாது. ஈர மணலில் இது சரிவராது. இல்மனைற் மெல்லத்தான் ஒட்டும், உடனே பாய்ந்து ஒட்டும் மணி மக்னரைற் என்ற இரும்புக் கனிமமாக இருக்கலாம். பார்த்து முடிந்ததும் மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள். இந்த மணலை அகழ்வது குறித்து மன்னார் மக்களுக்கு உள்ள கவலையையும் சொல்ல வேண்டும். மணல் மேட்டில் விழும் மழைதான் கீழே உவர்நீருக்கு மேல் நல்ல தண்ணீராக மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நல்ல தண்ணீர் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 10 சென்ரிமீற்றர் இறங்கினால் கீழே உவர் 4 மீற்றர் ஏறும். மேட்டை வெட்டினாலும், மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் கிணறு உவர்த்துப் போவது இதனால்தான்.

தீடைக்குப் பிள்ளைகள் வேண்டாம். மேடுகள் இடம் மாறும், படகு தரைதட்டும், கடல் எல்லை கிட்ட, கடற்படை அனுமதியும் வேண்டும். 2015இல் அது தேசிய வனமாகவும் ஆக்கப்பட்டது. தலைமன்னார் ஊருமலைக் கரையில் நின்று தொலைநோக்கியால் பார்த்தால் போதும்.

கொத்தளம்

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை. தொல்பொருள் திணைக்களத்துக்கும், தலைமன்னார் கடற்படை முகாமுக்கும் அதிபரின் கடிதம் முன்கூட்டியே போகட்டும். மாதோட்டத்திலும் அரிப்பிலும் ஓட்டுத் துண்டோ மணியோ எடுக்கக்கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது குற்றம். பொருள் கிடந்த இடம் தெரியாமல் போனால் அதில் இருந்து வரலாறு எழுத முடியாது என்ற காரணத்தையும் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். தெரியாத இரும்பு எதுவும் கண்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். குடிதண்ணீர் தலைக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர், போத்தல் சோதனைக்கு மேலதிகமாக 10 லீற்றர், ஜீவனிப் பொதி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைக் கலவை) ஒரு பெட்டி. தலைமன்னாரில் கரையோரம் நிழல் குறைவு, 10 மணிக்குள் அளவை வேலையை முடித்துவிடுங்கள்.

திரும்பும்போது பாலத்தைக் கடந்ததும் வங்காலைச் சரணாலயம். 2010இல் ராம்சார் (உலக முக்கியத்துவம் பெற்ற) ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஊசிவால் வாத்துகள் கூட்டமாக நிற்கும், பூநாரையும் வரலாம். பஸ்ஸை வீதியோரத்தில் நிறுத்தி, வீதிக்கு எதிர்ப்பக்கக் கதவால் பத்துப் பத்துப் பேராக இறக்குங்கள்.

முள்ளியவளை ரீச்சர்

குறித்துக்கொண்டோம். தடிக்குப் பூவரசு வெட்டிச் சீவலாமா, அல்லது பிவிசி குழாய் நல்லதா?

சோளகம்

அரை அங்குலப் பிவிசி காற்றுக்கு வளையும். முக்கால் அங்குலக் குழாய் எடுத்து, இரண்டு அந்தத்தையும் மூடியால் அடைத்து, அழியாத மையால் குறியிடுங்கள். பூவரசும் சரிதான், வளைவில்லாத தடியாகப் பார்த்து, இரண்டு கிழமை நிழலில் காயவிட்டபின் குறியுங்கள்.