ஷிப்ராக் பாறையின் அடிவாரம் வரை செல்லலாமா?

கேள்வி:

வணக்கம். வரும் அக்டோபரில் என் பெற்றோருடன் அல்புகெர்க்கியிலிருந்து ஃபார்மிங்டன் வழியாக மெசா வெர்டே தேசியப் பூங்காவுக்குக் காரில் செல்லவிருக்கிறேன். வழியில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில் சமவெளி நடுவே தனித்து நிற்கும் ஷிப்ராக் பாறையைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அது 1975 முதல் தேசிய இயற்கைச் சின்னமாக இருப்பதாகவும், அதே வேளையில் நவஹோ என்னும் பழங்குடி மக்களின் நிலத்துக்குள் அமைந்திருப்பதாகவும் படித்தேன். வரைபடத்தில் பாறையை நோக்கிச் செல்லும் மண்பாதைகள் தெரிகின்றன. ஆனால் நுழைவாயிலோ கட்டணச் சாவடியோ தென்படவில்லை. அடிவாரம் வரை காரில் செல்லலாமா? ட்ரோன் கொண்டு படம் எடுக்கலாமா? என் தந்தை ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் என்பதால், பாறையிலிருந்து நீளும் எரிமலைக் கற்சுவர்களை அருகில் பார்க்க ஆவலாக இருக்கிறார்.

மறுமொழி 1:

தேசிய இயற்கைச் சின்னம் என்ற தகுதியை அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை நிர்வகிக்கிறது என்றாலும், அந்தத் தகுதியால் நிலத்தின் உடைமை மாறுவதில்லை. பொதுமக்களுக்கு நுழையும் உரிமையும் பிறப்பதில்லை. ஷிப்ராக் அன்றும் இன்றும் நவஹோ மக்களின் நிலம்; அங்கே நடைமுறையில் இருப்பவை அவர்களுடைய விதிகள். எனவே தார்ச்சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை. பாறையின் மீது ஏறுவதற்கு முழுத் தடை உள்ளது. நவஹோ பழங்குடிப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. பூங்காவுக்கு வெளியேயும், அதிலும் அவர்கள் புனிதமாகக் கருதும் ஓரிடத்தின் மேலே, அதை எடுக்காமல் இருப்பதே முறை.

மறுமொழி 2:

மேலே உள்ள கருத்து அளவுக்கு மீறிய எச்சரிக்கையாக எனக்குத் தோன்றுகிறது. அந்த மண்பாதைகளில் கதவோ பூட்டோ இல்லை. அடிவாரத்தில் எடுத்த படங்களைப் பலர் வெளியிட்டிருக்கிறார்கள். மேலும் பழங்குடி நிலத்தின் சட்டப்படியான உடைமை அமெரிக்க அரசிடம்தான் இருக்கிறது. அப்படியிருக்க, மற்ற கூட்டரசு நிலங்களைப் போல இதையும் ஏன் அமைதியாகப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது?

மறுமொழி 3:

உடைமை அரசிடம் இருப்பது உண்மைதான். ஆனால் அரசு அதைப் பழங்குடியினருக்காக, அவர்கள் சார்பில் பொறுப்பேற்று வைத்திருக்கிறது. அது பொது நிலம் ஆகாது. 1864-இல் நவஹோ மக்கள் படைபலத்தால் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டு, நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திச் செல்லப்பட்டு, போஸ்கே ரெடோண்டோ என்ற முகாமில் அடைத்து வைக்கப்பட்டனர். பசியிலும் நோயிலும் பலர் மடிந்தபின், 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியாகவே அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. அந்த வரலாறு உடைய மக்களிடம், கதவு இல்லை என்பதையே அனுமதியாகக் காட்டுவது நியாயமாகாது.

கதவு இல்லாததற்கு எளிய காரணம் உண்டு. பாறையைச் சுற்றியுள்ள வெளி, மேய்ச்சல் உரிமம் பெற்ற குடும்பங்கள் ஆடுமாடுகளையும் குதிரைகளையும் மேய்க்கும் நிலம். நீங்கள் சொல்லும் மண்பாதைகள் அவர்கள் தங்கள் தேவைக்காக வண்டியோட்டிப் பழக்கிய தடங்கள்.

ஏறுவதற்கான தடையும் வெறும் பாதுகாப்பு ஏற்பாடு அன்று. 1939-இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு, மலையேற்ற அமைப்பைச் சேர்ந்த நால்வர், துளையிட்டு அடிக்கும் போல்ட்டுகளைப் பயன்படுத்தி முதன்முதலாக உச்சியை அடைந்தனர். மலையேற்ற வரலாறு அதைச் சாதனையாகக் கொண்டாடுகிறது. நவஹோ மரபிலோ அந்தப் பாறை, முன்னோரைச் சுமந்து வந்த பெரும் பறவையோடும், மனிதரை அச்சுறுத்திய கொடும் பறவைகளை வீரன் ஒருவன் வென்ற கதையோடும் இணைந்தது. 1970-இல் நேர்ந்த விபத்துக்குப் பிறகு ஏற்றம் அறவே தடை செய்யப்பட்டது. அங்குள்ளவர்களிடம் இந்தக் கதைகளைச் சொல்லுமாறு வற்புறுத்தவும் வேண்டாம். அவர்களுடைய கதைகளில் சில குளிர்காலத்தில் மட்டுமே சொல்லத்தக்கவை.

கேள்வி கேட்டவர்:

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. அடிவாரத்துக்குச் செல்லும் எண்ணத்தையும் ட்ரோனையும் விட்டுவிடுகிறோம். கற்சுவரைச் சாலையிலிருந்தே ஓரளவு அருகில் பார்க்க வழி உண்டா? நவஹோ நிலத்தில் நாங்கள் முறைப்படி உள்ளே சென்று பார்க்கக்கூடிய இடம் எது?

மறுமொழி 1:

உங்கள் தந்தை ஏமாற்றமடைய மாட்டார். ஷிப்ராக் ஊரிலிருந்து 491-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே சென்று, ரெட் வேலி நோக்கி மேற்கே பிரியும் 13-ஆம் எண் தார்ச்சாலையில் திரும்புங்கள். தெற்கே நீளும் பெரிய கற்சுவரை அந்தச் சாலையே ஓரிடத்தில் ஊடறுத்துச் செல்கிறது. ஓரமாக, போக்குவரத்துக்கு இடையூறின்றி நிறுத்தி, சுவரில் ஏறாமல் பார்த்தாலே போதும். சுமார் 2.7 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கு அடியில் எரிமலைக் குழாயிலும் அதைச் சுற்றிய பிளவுகளிலும் இறுகிய பாறைதான், மேலிருந்த மென்மையான களிப்பாறைகள் அரித்துச் செல்லப்பட்டபின் இன்று சமவெளியிலிருந்து ஏறத்தாழ 480 மீட்டர் உயரத்துக்கு வெளிப்பட்டு நிற்கிறது. சுவரின் நேர்கோட்டைப் பின்பற்றிப் பார்வையைப் பாறை வரை கொண்டு சென்றால், அந்தப் பிளவு ஓடிய திசை கண்முன் தெரியும். நிலவியல் தெரிந்த ஒருவருக்கு, அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதைவிட இந்தக் காட்சியே கூடுதலாகக் கற்பிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உள்ளே செல்வதற்கு, நவஹோ மக்கள் தாங்களே 1958-இல் பழங்குடிப் பூங்காவாகத் திறந்து வைத்த மான்யுமென்ட் வேலியைத் தேர்ந்தெடுங்கள். அரிசோனா, யூட்டா எல்லையில் இருப்பதால் கூடுதலாக ஒரு நாள் வேண்டும். தேசியப் பூங்காக்களின் ஆண்டு அனுமதிச்சீட்டு அங்கே செல்லாது. தனிக் கட்டணம் உண்டு. 17 மைல் மண்சாலையில் உங்கள் காரிலேயே சுற்றலாம். அதைத் தாண்டிய பகுதிகளுக்கு நவஹோ வழிகாட்டி கட்டாயம். பெற்றோருடன் செல்வதால், தொடக்கத்திலேயே வழிகாட்டியின் வண்டியை அமர்த்திக்கொள்வது நல்லது. கட்டணமும் அங்கேயே வாழும் குடும்பங்களுக்குச் சேரும்.

நவஹோ நிலத்தில் மதுவுக்குத் தடை உள்ளதால் காரில்கூட வைத்திருக்க வேண்டாம். ஆட்களையோ வீடுகளையோ கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கடிகாரத்தையும் கவனியுங்கள்: அரிசோனாவின் மற்ற பகுதிகள் கோடைகால நேரத்தை, அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் முறையை, பின்பற்றுவதில்லை, நவஹோ நிலம் பின்பற்றுகிறது. அக்டோபரில் அந்த ஒரு மணி நேர வேறுபாடு இன்னும் இருக்கும் என்பதால், வழிகாட்டியை முன்பதிவு செய்யும்போது எந்த நேரம் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.