ஏரிக்கடியில் குழாய் பதித்த வேலை: கண்டவர்கள் எழுதுங்கள்

கரையோர நடை

ரொறன்ரோவில் வூட்பைன் கரையில் நடக்கப் போன நாட்களில், தூரத்தில் மிதவை ஒன்றின் மேல் பாரந்தூக்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மீன் பிடிக்கிறார்கள் என்று என் மாமியார் முடிவு கட்டியிருந்தார். பிறகுதான் தெரிந்தது, எங்கள் வீட்டுக் கழிவுநீர் போகும் வழியை ஒன்ராறியோ ஏரிக்கு அடியில் கட்டுகிறார்கள் என்று. அங்கே வேலை செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

வடமராட்சியான்

அந்த மிதவையில் நான் ஒரு பருவம் வேலை செய்தேன். ஆஷ்பிரிட்ஜஸ் பே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 1947இல் போட்ட பழைய குழாய் கரையிலிருந்து 1 கிலோமீற்றரில் முடிந்துவிடுகிறது. புதியது 3.5 கிலோமீற்றர். குழாய் என்று சொல்கிறோமே தவிர, அது பாறைக்குள் குடைந்த 7 மீற்றர் விட்டமுள்ள சுரங்கம். கரையில் 85 மீற்றர் ஆழத்துக்குக் கிணறு வெட்டி, அதன் அடியிலிருந்து இயந்திரத்தை ஏரிப் பக்கம் செலுத்தினார்கள். ஊர்க் கிணறுகளை எட்டிப் பார்த்து வளர்ந்தவன் நான். இதை ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி.

சுரங்கத்து நீர் ஏரிக்குள் ஏறி வர 50 செங்குத்துக் குழாய்கள். ஒரே வாயால் கொட்டாமல் பரவலாகக் கலக்கட்டும் என்றுதான் அத்தனை. அவற்றை மேலிருந்து இறக்குவது எங்கள் பாடு. ஏரித் தரையில் துளையிட்டு, குழாயை நட்டு, சுற்றிலும் சாந்து நிரப்பி, தலையை மூடிவிடுவோம். சுரங்கக்காரர்கள் கீழிருந்து வந்து அதைப் பிடிக்க வேண்டும்.

எங்களுக்கு எதிரி கொண்டல்தான். ஏரி 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம். ரொறன்ரோ மேற்குப் பக்கம். கிழக்கிலிருந்து காற்றெழுந்தால் அத்தனை தூரத்து அலையும் ஓடிவந்து எங்கள் மேல்தான் விழும். ஒருநாள் காலை, காற்றின் போக்கைப் பார்த்துக் "கொண்டல் எழும்பப் போகிறது" என்றேன். அதற்கு ஆங்கிலச் சொல் வாயில் வராமல் கையைக் கிழக்கே நீட்டினேன். சிரித்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு, பாரந்தூக்கியில் தொங்கிய குழாய் ஊஞ்சலாட, நனைந்த கையுறையோடு வழிகயிற்றைப் பிடித்துத் தொங்கினோம். எப்படியோ அதைத் தளத்தில் கிடத்திக் கட்டிவிட்டோம். மறுநாளிலிருந்து மேற்பார்வையாளர் வானிலை அறிக்கையையும் பார்ப்பார், என் முகத்தையும் பார்ப்பார்.

சுழியோடி

நான் கண்டது சின்ன வேலை, வடக்கே வேறொரு ஏரி. கறுப்புப் பொலித்தீன் குழாய். தண்ணீரைவிட இலேசு என்பதால் காற்றடைத்தால் சாரைப்பாம்பு மாதிரி மிதக்கும். இடைக்கிடை கொங்கிறீற் கட்டைகளைப் பூட்டி, படகால் இழுத்துப் போய், கரைப்பக்க முனையில் தண்ணீரை விட்டு, மறுமுனையில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். குழாய் முழம் முழமாக அமிழும். அந்தக் காற்றுத் திருகியில் இருப்பவனுக்குப் பொறுமை வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர், பெயர் வேண்டாம், இருட்டுமுன் முடிக்க நினைத்துத் திருகியை அகலத் திறந்தார். வளைவு இறுகி ஓரிடம் மடிந்து சப்பிப் போனது. கீழே போய்த் தடவிப் பார்த்தவன் நான். மிதித்த தகரப்பேணி போல இருந்தது. வெட்டி மாற்ற இரண்டு வாரம்.

கரையோர நடை

ரொறன்ரோவில் நாம் குடிக்கும் தண்ணீரும் அதே ஒன்ராறியோ ஏரியிலிருந்துதானே வருகிறது?

ஆய்வுகூடக்காரி

ஆம், தங்கச்சி. ஆர். சி. ஹாரிஸ் குடிநீர் நிலையம் ஆஷ்பிரிட்ஜஸ் பேயிலிருந்து கொஞ்சம் கிழக்கேதான். அதனால்தான் கழிவின் வாயைக் கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோகிறார்கள். விடுவது சுத்திகரித்த நீர். ஆனாலும் பொஸ்பரஸ் மிச்சமிருக்கும். கரையோரத்தில் அது கிடைத்தால் கிளடோபோரா என்ற பச்சைப்பாசி கற்களில் பிடித்து வளர்ந்து, அலையில் அறுந்து, கரையில் ஒதுங்கி அழுகும். கோடையில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜாக்ஸ் கரைக்குப் போனவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். எல்லாரும் குழாயைத்தான் திட்டுவார்கள். வெளியூரிலிருந்து வந்து குடியேறிய மட்டிகள் தண்ணீரை வடித்துத் தெளியவைத்ததால் வெயில் ஆழத்துக்கு இறங்குகிறது, பாசிக்கு அதுவும் வசதி. மட்டியை யார் திட்டுகிறார்கள்?

கரையோர நடை

எல்லாவற்றையும் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். சுரங்கம், பொஸ்பரஸ் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "கொண்டல் சொன்ன பிள்ளை வடமராட்சியில் எந்த இடம் என்று கேள்" என்கிறார்.