தில்லைநகர் வீடு குரூப்: "ஒரு வருஷம்தானே?"

மே 2024, சனிக்கிழமை

வித்யா (ஃப்ரீமாண்ட்): எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி கேட்க வேண்டும், கொஞ்சம் நீளமாகப் போகும். கலிஃபோர்னியா கவர்னர் நியூசம் ஜனவரி பட்ஜெட்டில் சொன்ன ஒரு வெட்டு மே மாதத் திருத்தத்திலும் அப்படியே இருக்கிறது. என் மகன் அருண் மாதிரி ஆட்டிசமோ வேறு வளர்ச்சிக் குறைபாடோ உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு மாநிலம் தருகிற கட்டணம் இந்த ஜூலை 1 அன்று ஏற வேண்டும், அந்த உயர்வை அடுத்த வருஷம் ஜூலைக்குத் தள்ளுகிறார்கள். ஜூன் 15க்குள் சட்டமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும். நாம் பேசுவதென்றால் இப்போதுதான்.

பெரியம்மா (திருச்சி): அருணுக்கு வருகிற பணத்தை நிறுத்துகிறார்களா கண்ணு?

வித்யா: அவன் கைக்கு வருகிற பணம் இல்லை பெரியம்மா. பகலில் அவனை லைப்ரரிக்கும் நீச்சலுக்கும் கூட்டிப்போக ஒருத்தர் வருகிறார் அல்லவா, வீடியோவில்கூடப் பார்த்தீர்களே. அவரை அனுப்பும் நிறுவனத்துக்கு மாநிலம் மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கும். அந்தத் தொகை போதாது என்று 2019இல் மாநிலம் செய்யச் சொன்ன ஆய்விலேயே வந்துவிட்டது. 2021இல் சட்டம் போட்டு, படிப்படியாக ஏற்றுகிறோம் என்றார்கள். பாதி ஏற்றியாயிற்று. மீதிப் பாதியைத்தான் இப்போது தள்ளுகிறார்கள்.

சித்தப்பா (சான் டியேகோ): வித்யா, கோபப்படாமல் கேள். ஜனவரியில் கவர்னர் சொன்ன கணக்குப்படியே பற்றாக்குறை 3,800 கோடி டாலர். எங்காவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். இதை ரத்து செய்யவில்லை, ஒரு வருஷம் ஒத்திவைக்கிறார்கள். அதுவும் 2021 சட்டத்தில் முதலில் இருந்த தேதியே 2025 ஜூலைதானே? பின்னால்தான் 2024க்கு முன்னே கொண்டுவந்தார்கள்.

வித்யா: தேதி விஷயம் சரிதான் சித்தப்பா. ஆனால் ஏன் முன்னே கொண்டுவந்தார்கள்? வேலைக்கு ஆள் நிற்கவில்லை. அந்தத் தேதியை நம்பித்தான் நிறுவனங்கள் ஆள் எடுத்தன, சம்பளம் பேசின. இப்போது இல்லை என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

வித்யா: இன்னொன்று. ஏப்ரல் 1 முதல் இங்கே பெரிய பர்கர் கடைகளில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர். அது நல்லதுதான், அந்த வேலையும் கடினமான வேலை. ஆனால் அருணோடு வருகிறவருக்கு 18. போன வாரம் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பக்கத்துக் கடையில் கேட்டு வைத்திருக்கிறேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவருக்கும் இரண்டு குழந்தைகள்.

ப்ரியா (சான் ஹோசே): அய்யோ அக்கா. இவரும் போய்விட்டால்?

வித்யா: இதற்கு முன்னால் இருந்தவர் போன அக்டோபரில் போனார். ஒன்பது வாரம் ஆள் இல்லை. தினமும் எட்டரைக்கு அருண் ஷூ போட்டு, நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவான். பதினொன்று, பன்னிரண்டு வரைக்கும் அப்படியே இருப்பான். "இன்றைக்கு வரமாட்டார்டா" என்றால் ஷூவைக் கழற்ற விடமாட்டான்.

வித்யா: ஆள் வந்தாலும் உடனே சரியாகிவிடாது. அருண் வலது காதைப் பொத்தினால் சத்தம் பிடிக்கவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது பல்வலி. அதைக் கண்டுபிடித்தது அந்தப் பழைய ஆள், நான்கூட இல்லை. புதியவருக்கு நான் சொல்லிவிட்டேன். ஆனால் நான் அறியாத எத்தனையோ அவரோடேயே போய்விட்டது.

சித்தப்பா: இது எனக்குத் தெரியாதும்மா.

வித்யா: ஒத்திவைப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயம் சித்தப்பா. 2009இல் அருணுக்கு எட்டு வயசு. அந்த வருஷ நெருக்கடியில் சம்மர் கேம்ப், விளையாட்டு, இசை, நீச்சல் வகுப்பு எல்லாவற்றையும் ரீஜனல் சென்டர்கள் (இவனைப் போன்றவர்களுக்கு மாநிலப் பணத்தில் சேவைகளை ஏற்பாடு செய்கிற அமைப்புகள்) வாங்கித் தரக் கூடாது என்று நிறுத்தினார்கள். "தற்காலிக நிறுத்தம்" என்றுதான் சட்டத்தில் எழுதினார்கள். திரும்பி வந்தது 2021 ஜூலையில். பன்னிரண்டு வருஷம். அதற்குள் அருண் இருபது வயசுப் பையன். எட்டு வயசில் குளத்தில் விட்டிருந்தால் மீன் மாதிரி நீந்தியிருப்பான், இப்போது படியைப் பிடித்த கையை எடுக்க மாட்டேன் என்கிறான்.

சுந்தர் (ஃபோல்சம்): அக்கா, நீங்கள் எதிர்த்தால் கேட்பார்களா? எவ்வளவு மிச்சமாகிறதாம்?

வித்யா: மாநிலப் பொது நிதியில் 61 கோடி டாலருக்கு மேல். ஆனால் இந்தச் செலவில் மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் வழியாக ஃபெடரல் அரசும் பங்கு போடுகிறது. நாம் செலவழிக்காவிட்டால் அந்தப் பங்கும் வராது. சித்தப்பா, கணக்குப் பார்க்கிற உங்களுக்கு இது புரியும்.

சித்தப்பா: புரிகிறது. வருகிற பணத்தையும் சேர்த்து இழக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே நீ.

பெரியம்மா: நான் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அப்புறம் அவனை யார் பார்ப்பார்கள்?

வித்யா: தப்பே இல்லை பெரியம்மா. ராத்திரி தூக்கம் வராதபோது நான் கேட்டுக்கொள்வதும் அதுதான். அதற்குத்தான் இங்கே லாண்டர்மேன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1969இல் வந்தது. கொண்டுவந்தவர் ஃபிராங்க் லாண்டர்மேன், ரிபப்ளிகன் கட்சிக்காரர். கையெழுத்துப் போட்டவர் ரீகன், அப்போது கவர்னர். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு வேண்டிய சேவையை வாழ்நாள் முழுக்க மாநிலம் தர வேண்டும் என்கிறது. அது சலுகை இல்லை, உரிமை என்று 1985இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மொத்தம் 21 ரீஜனல் சென்டர்கள், அவற்றின் சேவையைப் பெறுகிறவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். முன்பு இவர்களில் பலரைப் பெரிய விடுதிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். சொனோமாவில் இருந்ததை 2018இல்தான் மூடினார்கள். எல்லோரும் ஊருக்குள் வாழட்டும் என்றார்கள். ரொம்ப சரி. ஆனால் ஊருக்குள் வாழ, துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கட்டுப்படியாகிற சம்பளம் இல்லையென்றால் சட்டம் தாளில்தான் இருக்கும்.

ப்ரியா: அக்கா, நான் என்ன செய்யட்டும்? எனக்கு ஓட்டு இல்லை, இன்னும் ஹெச்1பி வேலை விசாதான். பேசினால் பிரச்சினை வருமோ?

வித்யா: வராதுடா. உன் மாநில செனட்டர் ஆபீசுக்கும் அசெம்ப்ளி உறுப்பினர் ஆபீசுக்கும் போன் போடு. ஓட்டு இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள், ஜிப் கோடுதான் கேட்பார்கள். "அருண் என் அக்கா பையன், கட்டண உயர்வைத் தள்ளிப்போடாதீர்கள்" என்று உன் வாயால் சொன்னால் போதும். அச்சடித்த கடிதம் வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் எண்ணி வைத்துவிடுவார்கள்.

வித்யா: நான் மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவுக்குப் போகிறேன். பட்ஜெட் உட்குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம், ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் என்கிறார்கள். கேபிடல் காரிடார் ரயிலில் அருணையும் கூட்டிக்கொண்டு. அவனுக்கு ரயில் பிடிக்கும். கூட்டம்தான் பிடிக்காது, பார்ப்போம்.

சுந்தர்: ஸ்டேஷனுக்கு நான் வந்து கூட்டிப்போகிறேன். உள்ளே அருணால் இருக்க முடியவில்லை என்றால் நானும் அவனும் வெளியே பூங்காவில் நடக்கிறோம். நீங்கள் பேசிவிட்டு வாருங்கள்.

சித்தப்பா: என்ன பேசப் போகிறாய்? இங்கே போடு.

வித்யா: "என் பெயர் வித்யா, ஃப்ரீமாண்டிலிருந்து வருகிறேன். என் மகனுக்கு 23 வயது. அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. 2009இல் அவனுடைய நீச்சல் வகுப்பைத் தற்காலிகமாக நிறுத்தினீர்கள். போன அக்டோபரில் அவனுடைய உதவியாளர் சம்பளம் போதாமல் போனார். ஒன்பது வாரம் அவன் ஷூவோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். இந்த ஒத்திவைப்பை எதிர்க்கிறேன்."

சித்தப்பா: எதிர்க்கிறேன் என்பதை முதல் வரிக்குக் கொண்டுவா. நேரம் முடிந்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள். ஃபெடரல் பணம் போவதை ஒரு வரி சேர். ஜன்னலைக் கடைசியில் வை. அதற்கு அப்புறம் ஒன்றும் சொல்லாதே.

வித்யா: சரி சித்தப்பா. மாற்றிவிட்டேன். நன்றி.

சித்தப்பா: நானும் திங்கட்கிழமை போன் போடுகிறேன். என் ஜிப் கோடுக்கு இங்கே மதிப்பு உண்டா பார்ப்போம்.

ஜூன் இறுதி, ஞாயிற்றுக்கிழமை

வித்யா: செய்தி வந்துவிட்டது. சட்டமன்றமும் கவர்னரும் ஒத்துக்கொண்டது 2025 ஜனவரி 1. ஒரு வருஷத் தாமதம் ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறது. போன் போட்ட எல்லோருக்கும் நன்றி. ப்ரியா, நீ நாலு தடவை போட்டாய் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார்.

சுந்தர்: பாதி வெற்றி அக்கா.

வித்யா: ஆமாம். ஆனால் ஆறு மாதமும் சின்ன விஷயம் இல்லை. நேற்று அருணோடு வருகிறவரிடம் சொன்னேன். போனில் தேதியைக் குறித்துக்கொண்டார். "ஜனவரி வரைக்கும் பார்க்கிறேன்" என்றார். அப்புறம் அருணோடு பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

பெரியம்மா: அந்தப் பையன் முறுக்கு சாப்பிடுவானா? அடுத்த மாசம் சுந்தர் ஊருக்கு வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

வித்யா: சாப்பிடுவார் பெரியம்மா, மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள். அருணுக்குத் தனி டப்பா. அவன் பங்கு போட மாட்டான்.