இங்கிலாந்தில் நம்ம ஊர் ஆராதனை மாதிரி ஆலயம் தேடுகிறவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ இங்கிலாந்து வந்து இறங்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) குடும்பங்கள், வீடு, வங்கிக் கணக்கு, ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரிடம் பதிவு எல்லாம் முடிந்த கையோடு கேட்கும் கேள்வி இது. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், ஆர்கனோடு பாமாலை, முழங்கால் படியிட்டு நற்கருணை என்று நாம் வளர்ந்த ஆராதனை இங்கே எங்கே கிடைக்கும்? கூகுளில் தேடினால் விளம்பரம் நன்றாகச் செய்யும் பெரிய சபைகள்தான் முதலில் வரும். அங்கே போய் மேடை, டிரம்ஸ், திரையில் பாட்டு எல்லாம் பார்த்துவிட்டு, நமக்கு ஏற்றது இந்த நாட்டில் இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இருக்கிறது. அநேகமாக உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே இருக்கும்.

இங்கிலாந்தில் ஒரு தெரு விடாமல் எல்லாமே இந்த நாட்டு ஆங்கிலிக்கன் சபையான சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் ஏதாவது ஒரு பாரிஷுக்குள், அதாவது நம் சேகரம் போன்ற எல்லைக்குள் வரும். அந்த எல்லைக்குள் குடியிருந்தாலே போதும், அது உங்கள் பாரிஷ் ஆலயம். யாருடைய சிபாரிசும் வேண்டாம். 'ஏ சர்ச் நியர் யூ' என்று அந்தச் சபையே நடத்தும் இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போடுங்கள். உங்கள் பாரிஷ் எது, சுற்றுவட்டாரத்தில் வேறு என்ன ஆலயங்கள், எந்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்ன ஆராதனை என்று காட்டும். கிராமப் பக்கம் குடியிருந்தால் தேதியைக் கவனமாகப் பாருங்கள். அங்கே ஒரே போதகர் நாலைந்து ஆலயங்களைப் பார்த்துக்கொள்வார். முதல் ஞாயிறு இங்கே, அடுத்த ஞாயிறு பக்கத்து ஊரில் என்று முறை மாறும். போன வாரம் ஆராதனை நடந்த ஆலயம் இந்த வாரம் பூட்டியிருக்கலாம்.

நம்மை நற்கருணைக்குச் சேர்ப்பார்களா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்துதான் தென்னிந்திய திருச்சபை உருவானது. அது ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உறுப்புச் சபை. அதனால் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) பெற்றவர் தயங்காமல் முன்னே போகலாம். ஞானஸ்நானம் பெற்று, தன் சொந்தச் சபையில் நற்கருணை எடுக்கிறவர் லுத்தரனாக இருந்தாலும் மெதடிஸ்டாக இருந்தாலும் சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் வரவேற்புத்தான். யாழ்ப்பாணத்துச் சி.எஸ்.ஐ. குடும்பங்கள் அமெரிக்க மிஷன் வழியில் வந்தவர்கள். அவர்களுக்கு யுனைடெட் ரிஃபார்ம்ட் சர்ச் இன்னும் பழக்கமானதாகத் தோன்றலாம். இங்கிருந்த காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் 1972-இல் சேர்ந்து உண்டான சபை அது.

ஆலய வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'பாரிஷ் யூக்கரிஸ்ட்' அல்லது 'சங் யூக்கரிஸ்ட்' (யூக்கரிஸ்ட் என்றால் நற்கருணை ஆராதனை) என்று போட்டிருந்தால் அங்கி, ஆர்கன், பாட்டு எண் மாட்டிய பலகை, கையில் ஆராதனை முறைமைத் தாள் எல்லாம் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பிப் போகலாம். அநேகமாகக் காலை 9.30 அல்லது 10 மணி. 2000-இலிருந்து புழக்கத்தில் உள்ள 'காமன் வொர்ஷிப்' முறைமைதான் அங்கே ஓடும். பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு, சமாதான வாழ்த்து, நற்கருணை என்று வரிசை ஏறக்குறைய நம்முடையதுதான். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போனால், ஆங்கிலம் அதிகம் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பாமாலையில் உள்ள பல பாட்டுகளுக்கு ராகம் இங்கிருந்து வந்ததுதான். ஆர்கன் முதல் வரியை வாசித்ததும் நமக்குத் தமிழ் வார்த்தைகள் வாயில் வந்துவிடும். தாராளமாக மெல்லப் பாடுங்கள்.

'ஹோலி கம்யூனியன், பி.சி.பி.' என்று காலை 8 மணிக்குப் போட்டிருந்தால் அது 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின்படி நடப்பது. பெரும்பாலும் பாட்டு இருக்காது, அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும், வருகிறவர்கள் சிலர்தான், அவர்களும் அநேகமாக வயதானவர்கள். ஆனால் அமைதியான, பழைய ஜெபங்களோடான ஆராதனை வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. உமது பந்தியின் கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல என்கிற அந்த ஜெபம் இந்தப் புத்தகத்திலிருந்துதான் நம் முறைமைக்கும் வந்தது.

பலகையில் 'மாஸ்' என்று எழுதியிருந்து, உள்ளே தூபமும் மெழுகுவர்த்தியுமாக இருந்தால் கத்தோலிக்க ஆலயத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிவிட வேண்டாம். அதுவும் ஆங்கிலிக்கன் சபையின் ஒரு பக்கம்தான். திருநெல்வேலிப் பக்கத்தில் சடங்குமுறைக்கு அதிக இடம் தந்த எஸ்.பி.ஜி. மிஷன் வழியில் வந்த நாசரேத்து ஆட்களுக்கும் எளிய முறையை விரும்பிய சி.எம்.எஸ். மிஷன் வழியில் வந்த மெஞ்ஞானபுரத்து ஆட்களுக்கும் இருந்த வித்தியாசம் இங்கே இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். 'மெஸ்ஸி சர்ச்', 'காஃபே சர்ச்' போன்றவை சின்னப் பிள்ளைகளோடு சகஜமாகக் கூடுவதற்கானவை. அதே ஆலயத்தில் வேறு நேரத்தில் முறைமை ஆராதனையும் இருக்கும் என்பதால் ஒன்றைப் பார்த்து மற்றதைத் தள்ளிவிடாதீர்கள்.

கதீட்ரல் உள்ள ஊரில் இருந்தால் வார நாட்களில் மாலை 5.30 வாக்கில் கொயர் பாடும் ஈவன்சாங் என்ற மாலை ஆராதனைக்கு ஒரு தடவையாவது போங்கள். சுற்றிப் பார்க்கக் கட்டணம் வாங்கும் கதீட்ரலிலும் ஆராதனைக்கு வருகிறவரிடம் வாங்குவதில்லை. வாசலில் நிற்பவரிடம் ஈவன்சாங் என்று சொன்னால் போதும்.

மெதடிஸ்ட் ஆலயங்களையும் விட்டுவிட வேண்டாம். பாட்டுக்கு அங்கே தனி உயிர் உண்டு. நற்கருணையில் மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு, பெரும்பாலும் சின்னக் கோப்பைகளில் தருவார்கள். ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன் ஆராதனை வேண்டுமானால் ஸ்காட்டிஷ் எபிஸ்கோபல் சர்ச்சைத் தேட வேண்டும்.

முதல் ஞாயிறு போகும்போது கனமான கோட்டு போட்டுக்கொள்ளுங்கள், பழைய கல் கட்டிடங்கள் உள்ளே நன்றாகவே குளிரும். செருப்பைக் கழற்ற வேண்டாம். பொதுப் பாத்திரத்தில் குடிக்க மனமில்லாவிட்டால் அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் பின்பக்கம் டீயும் பிஸ்கட்டும் வைத்திருப்பார்கள். அதற்குக் கட்டாயம் நில்லுங்கள். ஆசீர்வாதம் முடிந்த கையோடு கிளம்பிப் போய்விட்டு, யாரும் என்னிடம் பேசவில்லை என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். இங்கே ஆராதனை நேரத்தில் யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள், டீக் கோப்பையோடு நிற்கும்போதுதான் பேச்சு ஆரம்பிக்கும். போதகரிடம் 'சர்ச் ஆஃப் சவுத் இந்தியா' என்று சொல்லுங்கள். நிறையப் பேருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பெண் போதகராக இருக்கலாம், 1994 முதல் இங்கே பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெற்று வருகிறார்கள்.

அப்புறம் தமிழ் ஆராதனை விஷயம். லண்டனிலும் வேறு சில நகரங்களிலும் தமிழ் ஆராதனைகள் உண்டு, சில இடங்களில் மாதம் ஒருமுறை. போங்கள், கீர்த்தனை பாடி, நம் ஆட்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு ரயில் மாறிப் போய் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு, தெருமுனையில் இருக்கும் ஆலயத்தை அறியாமலே இருந்துவிடாதீர்கள். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. உடம்புக்கு முடியாமல் படுத்தால் சூப் கொண்டு வருவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது எல்லாம் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறவர்களால்தான் முடியும். ஒரே ஒரு ஞாயிறு பார்த்து முடிவு செய்யாமல் இரண்டு மாதமாவது தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் ஞானஸ்நான, திடப்படுத்தல் சர்டிபிகேட்டுகளையும் சேகர குருவிடம் ஒரு கடிதமும் வாங்கி வந்தால் நல்லது. பிள்ளைக்குச் சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளியில் இடம் கேட்பவர்கள் அந்தப் பள்ளியின் சேர்க்கை விதியை முதலிலேயே படியுங்கள். சில பள்ளிகள் ஆலயத்துக்குத் தொடர்ந்து வந்ததற்குப் போதகரின் கையெழுத்து கேட்கும். சண்டே ஸ்கூல் எடுக்க முன்வந்தால் போலீஸ் பதிவு பார்க்கும் டி.பி.எஸ். சோதனைக்குப் படிவம் தருவார்கள். எல்லோருக்கும் அதே விதிதான், நம்மைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காணிக்கையை வங்கி வழியாக மாதாமாதம் கொடுக்கலாம். வருமான வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டால், நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து ஆலயத்துக்கு 25 பென்ஸ் கூடுதலாகப் போகும்.

பண்டிகைகளில் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பெரிய கூட்டம் டிசம்பர் 24 இரவு ஆராதனைக்கும் அதற்கு முந்தைய கேரல் ஆராதனைகளுக்கும்தான். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை பெரும்பாலான பாரிஷ் ஆலயங்களில் கிடையாது. புது வருடத்தை ஆலயத்தில் தொடங்கியே பழகியவர்கள் அன்றைக்குத் தமிழ்ச் சபை எங்கே கூடுகிறது என்று டிசம்பர் தொடக்கத்திலேயே விசாரித்து, திரும்பி வர ரயிலோ பஸ்ஸோ இருக்கிறதா என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.