ஐஸ்காட் ரேடாருக்கு எதிரொலி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நார்வேயின் ட்ரோம்சோ அருகிலுள்ள ஐஸ்காட் ரேடார், துருவ ஒளி தோன்றும் உயரங்களில் எலக்ட்ரான் வெப்பநிலையைக்கூட அளக்கிறது என்று படித்தேன். திடப்பொருள் ஏதுமில்லாத அங்கே எதிரொலியை உண்டாக்குவது எது?

மறுமொழி 1: அயனி மண்டலத்தின் (காற்றின் அணுக்கள் அயனிகளாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிந்திருக்கும் மேல்வளிமண்டலப் பகுதியின்) எலக்ட்ரான்களே ரேடியோ அலையைச் சிதறடிக்கின்றன. அவை திருப்பி அனுப்பும் ஆற்றல் மிகமிகச் சிறியது என்பதால்தான், மெகாவாட் அளவிலான துடிப்புகளும் 32 மீட்டர் விட்டமுள்ள கிண்ண ஆன்டெனாவும் தேவைப்படுகின்றன. எதிரொலியின் வலிமையிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி கிடைக்கிறது. ஆயினும் அதைவிட மதிப்புமிக்க செய்தி அதன் நிறமாலையில்தான், அதாவது அதன் ஆற்றல் வெவ்வேறு அதிர்வெண்களில் பரவியிருக்கும் விதத்தில்தான் இருக்கிறது. எலக்ட்ரான்கள் கனமான அயனிகளின் இயக்கத்தை ஒட்டியே நகர்வதால், நிறமாலையின் அகலமும் வடிவமும் இரண்டின் வெப்பநிலைகளையும், டாப்ளர் பெயர்ச்சி (இயக்கத்தால் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம்) ரேடார் நோக்கும் திசையிலான அயனி வேகத்தையும் காட்டுகின்றன.

மறுமொழி 2: ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் லாங்யியர்பைன் அருகே 1996இல் தொடங்கப்பட்ட ஐஸ்காட் ரேடாரையும் அவசியம் சேர்த்துப் படியுங்கள். சூரியக் காற்றின் துகள்கள் காந்தப்புலக் கோடுகள் வழியே நேரடியாக இறங்கும் பகுதி நண்பகலையொட்டி அதற்கு மேலே வருவதால், ட்ரோம்சோவில் எளிதில் கிட்டாத காட்சி அங்கே கிடைக்கிறது.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் இந்த ரேடார்களால் பரந்த பரப்பை ஒரே நேரத்தில் பார்க்க இயலாதா?

மறுமொழி 1: அதற்குப் பல ரேடார்கள் சேர்ந்த சூப்பர்டார்ன் வலையமைப்பே ஏற்றது. அது வெப்பநிலையைத் தராது. பிளாஸ்மாவின் (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயுவின்) ஓட்டத்தை மட்டும் விரிவாக வரைந்து தரும்.